பழி சாமி மேல்

பிணவறை டாக்டர் பொல்லாதவர் இல்லை. சொல்லப்போனால் இளகிய மனசு. அதுதான் வினையாகப் போயிற்று. அறுத்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடாத சாவுகள் அவ்வப்போது அவர் மேசைக்கு வரும். அறிக்கையில் 'காரணம் தெரியவில்லை' என்று ஒழுங்காக எழுதிவிடுவார். வாசலில் நிற்கிற தாய் தகப்பனிடம் அதைச் சொல்ல மட்டும் வாய் வராது. இத்தனை படித்தும் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டால்? கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, தகப்பன் தோளைத் தொட்டு, "கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்" என்பார். அவர்களும் அழுதபடியே தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

சொந்த அக்கா மகன் போனபோதும் அதையேதான் சொன்னார். எந்நேரமும் தண்ணீரிலேயே கிடப்பான் என்று வீட்டில் அவனுக்கு 'வாத்து' என்று பேர். அப்பேர்ப்பட்டவன் நீச்சல் குளத்தில் பாதித் தூரத்தில் சத்தமில்லாமல் அடங்கிப்போனான். சக டாக்டர் அறுத்துப் பார்த்தார்; இதயத்தில் ஒரு கீறல் இல்லை. "சாமி கூப்பிட்டுக்கிச்சு அக்கா" என்றார் இவர். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அவள் வீட்டுக் கூடத்தில் சாமி படம் இருந்த தட்டில் கொஞ்ச நாளில் இஸ்திரிப் பெட்டி வந்து உட்கார்ந்ததைப் பார்க்கத்தான் பார்த்தார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

வருஷங்கள் ஓடின. மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் இதயத்தின் மின்னோட்டத்தில் வருகிற ஒரு கோளாறைப் பற்றிப் பேசினார்கள். செத்தபின் அறுத்தால் கண்ணுக்குத் தெரியாது. நீந்தும்போதோ ஓடும்போதோ ஆளைச் சாய்த்துவிடும். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது ஈ.சி.ஜி. எடுத்தால் பெரும்பாலும் சிக்கிவிடும், மாத்திரையும் உண்டு. டாக்டர் கூட்டத்தின் பாதியிலேயே எழுந்துவிட்டார். அக்காவின் மகள், வீட்டில் எல்லோருக்கும் 'வாயாடி', போன வாரம்தான் பஸ்ஸைப் பிடிக்க ஓடி மயங்கி விழுந்திருந்தாள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அவள் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாயாடியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. ஈ.சி.ஜி. எடுக்கணும்."

"வெறும் வயித்தோட ஓடினா மயக்கம் வராம வேற என்ன வரும்? நீ ஒண்ணு!"

"வாத்துக்கு வந்தது இவளுக்கும் இருக்கலாம்க்கா."

அக்காவின் கை நின்றது. "அவனுக்கு என்ன வந்துச்சு? சாமி கூப்பிட்டுச்சுன்னுதானே சொன்ன? சாமி கூப்பிட்டா எந்த ஆஸ்பத்திரி தடுக்கும்?"

கூட்டத்தில் கேட்டதையெல்லாம் விளக்கினார்.

"அப்போ அன்னைக்கு உனக்குக் காரணம் தெரியாதா?"

டாக்டர் தெரியாது என்று தலையசைத்தார்.

"தெரியலைன்னு சொன்னா என்னடா கொறஞ்சு போயிருப்ப? அன்னையிலேருந்து நான் சாமிகூடப் பேசறதில்ல. என் பிள்ளையைத் தின்னுட்டியேன்னு திட்டித் திட்டியே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். ஒண்ணுமறியாத சாமி மேல பழியைப் போட்டுட்டியேடா!"

ஆறுதல் சொன்னதாக நினைத்து, அக்காவுக்குத் துணையாக இருந்த சாமியையும் பிடுங்கிவிட்டிருக்கிறார். சட்டை தீயும் வாடை வந்தது. அக்கா ஸ்விட்சை அணைத்தாள். "ஏய் வாயாடி, செருப்பை மாட்டு. மாமாகூடப் போறோம்."

இதய டாக்டர் ஈ.சி.ஜி. தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அதே கோளாறு இருந்தது. ஓடக் கூடாது, நீந்தக் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

"பாத்திரம் தேய்க்கலாமா டாக்டர்? கூடாதுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் வாயாடி. அக்கா சிரிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பியைக் கேட்டாள்.

"மாத்திரை காப்பாத்திடுமா?"

கடவுள் இருக்கார் அக்கா என்ற பேச்சு பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பெரும்பாலும் காப்பாத்தும். உறுதியாச் சொல்லத் தெரியலைக்கா."

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"உன் வாசல்ல இன்னும் எத்தனை பேர்கிட்ட இதையே சொல்லி அனுப்பிச்ச?"

அழுதபடி தலையாட்டிப் போன முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் வீடும் அவருக்குத் தெரியாது.

"அவங்க வீட்லயும் இன்னொரு பிள்ளை இருந்திருக்குமேடா" என்றாள் அக்கா.