ஐந்தாவது ஸ்பீக்கர்

ஒயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள் பாப்பா. நாற்பத்தொரு வயதாகிறது, மருந்துக் கம்பெனியில் அவள் கையெழுத்து விழாமல் ஒரு மாத்திரை வெளியே போகாது, ஆனாலும் இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பாப்பாதான். டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் பாதி உடம்பைத் திணித்துக்கொண்டு, முழங்கால் போட்டு, வாயெல்லாம் தூசியாக அவள் இருந்த இருப்பை அம்மா பார்த்தாள்.

"கத்திரிக்கோல்னு ஒண்ணு எதுக்குடி வீட்ல இருக்கு? பல்லு போனா முளைக்கவா போகுது."

"தேடிக்கிட்டு இருக்க நேரமில்லம்மா."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பாப்பா தலையை நீட்டிக் கட்டிலைப் பார்த்தாள். அப்பா விழித்துத்தான் இருந்தார். மூக்கில் குழாய், காலடியில் கடகடவென்று ஓடும் ஆக்சிஜன் மெஷின், போர்வைக்கு மேல் எலும்பும் நரம்புமாக ஒரு கை. காலையில் வந்த நர்ஸ் தம்பியை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோதான் சார். யாரும் தூரமா எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் விளக்கி விளக்கிச் சொல்கிறவன், அதை மட்டும் அக்காவிடம் இரண்டே வார்த்தையில் சொன்னான். அதைக் கேட்டதும் அவள் செய்த முதல் காரியம், நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கியது.

பெட்டியில் இருந்தது ரிசீவர், டிவியின் சத்தத்தைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மெஷின். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே வாங்கி அனுப்பியது. அப்பா ஊரெல்லாம் பொறுக்கிச் சேர்த்த ஸ்பீக்கர்கள் வீட்டில் சும்மா கிடக்கின்றனவே, ஐந்தையும் மாட்டி ஒரு படம் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டு அனுப்பினாள். அனுப்பியவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். போன் போட்டு, "கை வெக்காதீங்கப்பா, நானே வந்து மாட்டித் தர்றேன். ஒண்ணு எட்டு ஓம், ஒண்ணு நாலு ஓம்னு எல்லாம் ஏடாகூடமா இருக்கு. தப்பா மாட்டினா புகைஞ்சிடும்" என்றாள். யாரிடம் சொன்னாள் பாருங்கள். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன். மோட்டார் சுத்துகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி பாப்பா" என்றார். பெட்டி அலமாரி மேல் ஏறியது. நடுவில் ஒரு தடவை ஒரு ராத்திரிக்கு வந்து போனாள். பெட்டியைப் பார்த்து, "அடுத்த தடவைப்பா, கண்டிப்பா" என்றாள். அதற்கும் சரி பாப்பாதான்.

மாத்திரைக்குக் கையெழுத்துப் போட அவளை விட்டால் ஆளே இல்லையா என்ன. இருந்தார்கள். வந்திருக்கலாம். இப்போது ஒயரைக் கடிக்கும்போது அவளுக்கு ஓடியதெல்லாம் அதுதான். இது ஒன்றையாவது சொன்னபடி முடித்துக் கொடுத்துவிட வேண்டும். அவர் கேட்க வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஐந்து ஸ்பீக்கரும் ஐந்து இடத்துப் பிள்ளைகள். நெட்டையான மரப்பெட்டி ஒன்று, இடிக்கப்போன ஓட்டலிலிருந்து வந்தது, அங்கே லிஃப்ட் பார்த்தவர் அப்பா. இன்னொரு நெட்டை, மூடிப்போன ரேடியோ கடையில் கிடந்தது. நடுவில் வைக்கிறது, காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாமென்று விட்டுப்போனது. பின்னால் இடது பக்கம் பாப்பா காலேஜில் படிக்கும்போது வைத்திருந்தது. வலது பக்கம் தம்பியின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர், சோப்பு டப்பா அளவு, அதன் ஜோடி எப்போதோ செத்துப்போயிருந்தது. அம்மா இந்தக் கூட்டத்துக்கு அநாதை ஆசிரமம் என்று பெயர் வைத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். இனி அளவு பார்க்க வேண்டும். ஓட்டல்காரன் லேசாகத் தொட்டாலே கத்துவான், சோப்பு டப்பா தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஐந்தும் ஒரே அளவில் கேட்டால்தான் உட்கார்ந்திருக்கிறவரைச் சுற்றிப் படம் நடக்கும். அதற்கென்றே பெட்டியில் சின்னதாக ஒரு மைக் வைத்திருந்தார்கள். கேட்கிறவரின் தலை இருக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டால் போதும், ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் அனுப்பி அளந்துகொள்ளும். பாப்பா மைக்கை அப்பாவின் தலையணையில் வைத்தாள்.

அறையில் சத்தம் அதிகம், மறுபடி முயலவும் என்றது டிவி திரை.

தம்பி மின்விசிறியை நிறுத்தினான். மறுபடியும் அதேதான். அம்மா போய் ஃபிரிட்ஜை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினார்கள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். மறுபடியும் அதேதான். ஆக்சிஜன் மெஷின் மட்டும் தன் பாட்டுக்குக் கடகடத்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு நிமிஷம் இத..." என்று ஆரம்பித்த தம்பி மீதியை மென்று விழுங்கினான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் சமையலறைப் பக்கம் போய்விட்டான்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துப் பாப்பா ஓடினாள். இருமல் இல்லை, அப்பா சிரிக்கிறார். சிரித்து முடித்து, போர்வை மேலிருந்த கையைக் கொஞ்சம் உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே நீட்டினார்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நிற்பவனுக்கும் மேலே மோட்டார் அறையில் இருப்பவனுக்கும் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். விரல் மேலே நின்றால் ஏற்று. கீழே சாய்ந்தால் இறக்கு. கையை மூடினால் நிறுத்து. சாப்பிட உட்கார்ந்தால்கூட அம்மாவிடம் போதும் என்று அவர் வாயால் சொன்னதில்லை, கையை மூடிக் காட்டுவார். "நான் என்ன லிஃப்டா?" என்று அம்மா கேட்பாள், கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள்.

"நீங்களே வெக்கறீங்களாப்பா? மைக் வேணாமா?"

மைக்கை அவர் பார்த்த பார்வையில் முப்பத்துநாலு வருஷ அனுபவம் இருந்தது. பாப்பா அதைத் தலையணையிலிருந்து எடுத்துவிட்டு ரிமோட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஓட்டல்காரன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டது போல ஸ்ஸ் என்று ஒரே சீரான சத்தம். விரல் சாய்ந்தது. இரண்டு குறைத்தாள். இன்னும் சாய்ந்தது. இன்னும் ஒன்று. கை மூடியது. அடுத்தது நடுவில் இருந்தது, மூக்கடைத்த குரல் அதற்கு. அப்பா முகத்தைச் சுளித்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர் சும்மாவா விட்டுட்டுப் போனாரு" என்றாள் பாப்பா. அவர் தோள் குலுங்கியது.

ரேடியோ கடைக்கு ஒன்று ஏற்றினார்கள். பாப்பாவின் காலேஜ் ஸ்பீக்கருக்கு மூன்று ஏற்றி ஒன்று இறக்கினார்கள். விரல் மெதுவாகத்தான் அசைந்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நேரம் எடுத்துக்கொண்டார், ஆனால் சந்தேகமே இல்லாமல் சொன்னார். அந்தக் கால் மணி நேரம் பாப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் அதுதான் உண்மை. இரண்டு வருஷத்தில் அவரோடு அவள் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

கடைசியாகச் சோப்பு டப்பா. திரும்பிப் பார்த்தாள், கை போர்வை மடிப்பில் சாய்ந்திருக்க விரல் மேலே நின்றது. ஏற்றினாள். மறுபடி பார்த்தாள், மேலேதான். இரண்டு, மூன்று, நாலு. எதிர்பார்த்ததுதான், அது பலவீனமான பிள்ளை. ஏழு. எட்டு. இன்னுமாப்பா என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள். பத்து. பன்னிரண்டோடு எண் நின்றுவிட்டது.

"இவ்வளவுதாம்ப்பா போகும். இதுக்கு மேல இல்ல."

அறையின் பின்மூலையில் ஸ்ஸ் என்று இரைந்தது. ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா திரும்பினாள். விரல் மேலேதான் நின்றது. அம்மா எப்போது வந்தாளோ, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் நெஞ்சில் கையை வைத்திருந்தாள்.

"போதும் பாப்பா" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் எல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். தம்பி போனை வைக்க முடியாமல் ஒவ்வொருவருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சித்தப்பா உள்ளே வரும்போதே ஒயர் தடுக்கி, சுவரைப் பிடித்துச் சமாளித்தார்.

"இதென்னப்பா வலை விரிச்ச மாதிரி? எல்லாத்தையும் புடுங்கி ஓரமா போடுங்க. வர்றவங்க விழுந்து வைக்கப் போறாங்க."

"அதுல கை வெக்காதீங்க சித்தப்பா."

மத்தியானத்திலிருந்து பாப்பா பேசிய முதல் வார்த்தை அதுதான். பேசிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் சொன்ன அதே சொல், அதே குரல். ஒயரை இழுக்கக் குனிந்த சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார். தம்பி ஒன்றும் கேட்காமல் பாயைக் கொண்டுவந்து ஒயர்களின் மேல் விரித்தான்.

மறுநாள் காலையில் அவரைக் கொண்டு போனார்கள். அதற்கும் மறுநாள் கட்டிலையும் மெஷினையும் வாடகைக் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள், தம்பி ஏதோ சான்றிதழ் வாங்கப் போனான். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் அம்மாவும் பாப்பாவும் மட்டும்தான். அம்மா துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் தெரிந்தது.

"அஞ்சாவது மட்டும் முடியலம்மா" என்றாள் பாப்பா. "போதும்னு காட்டவே இல்ல அவரு. எவ்வளவுல வெக்கிறதுன்னு தெரியல."

"எது அஞ்சாவது?"

"பின்னாடி, வலது பக்கம் இருக்கே. சின்னது."

அம்மாவின் கை போர்வையில் நின்றது. "வலது பக்கமா?"

"ஆமா. ஏன்?"

"அந்தக் காது அவருக்குக் கேக்காதேடி."

பாப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"நாலு வருஷமாச்சு. சுத்தமா அடைச்சுப்போச்சு. மோட்டார் ரூம்லயே கெடந்த காது, வேற என்ன ஆகும். இன்னொண்ணு நல்லா இருக்குல்லன்னு டாக்டரும் விட்டுட்டாரு. உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னுட்டு இருந்தாரு. அதுக்குள்ள நீ இந்தப் பெட்டிய அனுப்பிட்டே. புள்ள ஆசையா வாங்கி அனுப்பியிருக்கு, ஒத்தக் காதுக்கு அஞ்சு ஸ்பீக்கர் எதுக்கு, தெரிஞ்சா அது மனசு கஷ்டப்படும், நீ மூச்சு விடாதேன்னுட்டாரு."

பாப்பா அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். பிறகு, "அப்ப எதுக்கும்மா ரெண்டு வருஷம் அத அலமாரி மேலயே வெச்சிருந்தாரு?" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "யாருக்காவது குடுத்திருக்கலாம். இல்லன்னா அவரே மாட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை அவருக்கு."

"மாட்டிட்டா நீ எதுக்கு வருவே?"

குத்திக் காட்டுவதற்காக அம்மா சொல்லவில்லை. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போர்வையின் அடுத்த மடிப்பை மடித்தாள்.

பாப்பா எழுந்துபோய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தாள். அந்த நாலு கால் தடத்துக்கு நடுவில், தலைமாடு இருந்த பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்து முதலிலிருந்து சத்தத்தைப் போட்டாள். போட்டுவிட்டு வலது காதை உள்ளங்கையால் இறுக்கி அடைத்துக்கொண்டாள்.

ஓட்டல் ஸ்பீக்கர் கேட்டது. அடுத்தது கேட்டது. எது முன்னால், எது பின்னால் என்று ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்தன. அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அம்மா போர்வையை வைத்துவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். வலது பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அவள் அங்கே நிற்காமல் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் பாப்பாவுக்கும் நடுவில் இருந்த சந்தில் நாற்காலியை நுழைத்து, இடது பக்கமாக உட்கார்ந்தாள்.