உருவம் தெரியாத புழு

கடலில் வாழும் ரிப்பன் புழுக்களின் குஞ்சுகளை இனம் காண்பது மேதாவின் வேலை. வயிற்றில் வளரும் நாடாப்புழு அல்ல என்று உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். குஞ்சு தாயைப் போல நீளமாக இருக்காது. கண்ணாடித் தெளிவாக, காதுமடல் வைத்த குல்லாய் போல நீந்தும். செத்தால் உருக்குலைந்துவிடும். அதனால் உயிரோடு படமெடுத்த பிறகே டி.என்.ஏ. பார்ப்பாள்.

ஜனவரியில், தூத்துக்குடியில் அவளுக்காக வலைபோடும் கலியமூர்த்தி போன் செய்தார்.

"இது நாம பார்க்காத ஜாதி மேடம். ஓரமெல்லாம் செவப்புப் புள்ளி. ஒண்ணுதான் கெடச்சுது. இன்னைக்கே ஃப்ளாஸ்க்ல போட்டு பிளேன்ல ஏத்திட்டேன்."

மேதா அப்போது லக்னோவிலிருந்து திரும்பும் ரயிலில் இருந்தாள். மூடுபனியில் ரயில் நகரவேயில்லை. விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கணவன் அர்விந்தை அழைத்தாள்.

"ஃப்ளாஸ்க்கை ஆத்துக்கு எடுத்துண்டு போயிடு. சூடு மட்டும் படவே கூடாது."

"அச்சா, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃப்ளாஸ்க்கைத் தேடினாள்.

"ரூம்ல ஹீட்டர் ஓடிண்டிருந்தது. அதான் ஃப்ரீஸர்ல வெச்சேன்" என்றான் அர்விந்த்.

அவள் திறந்து பார்த்தாள். கடல்நீர் கட்டியாக உறைந்திருந்தது. அவள் ஃப்ளாஸ்க்கை எடுத்துப்போய் மேஜையில் வைத்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கலியமூர்த்தியை அழைத்தாள். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

"அங்க மண்ணு அள்ற கப்பல் வந்துடுச்சு மேடம். தண்ணியே சேறாக் கெடக்கு."

உருகிய நீரில் ஒரு வெண்மையான கிழிசல் மட்டும் மிஞ்சியது. அதை டி.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. அறியப்பட்ட எந்தப் புழுவோடும் அது பொருந்தவில்லை.

"புதுசுன்னா நல்லதுதானே?" என்று தயங்கிக் கேட்டான் அர்விந்த்.

"புதுசுன்னு எழுதினா, எப்படி இருந்ததுன்னு கேப்பா. கலியமூர்த்தி போன்ல சொன்னதை எழுத முடியாது. அது இருந்த இடமும் இப்போ இல்லே."

அவன் போனில் காலண்டரைத் திறந்தான். "லீவ் போடறேன். ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம். பக்கத்துக் கடல்ல எங்கயாவது இருக்கலாமே."

"இருக்கலாம்" என்றாள் மேதா. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கலியமூர்த்திக்குப் போன் போட்டு, கப்பல் இல்லாத பக்கம் படகு கிடைக்குமா என்று விசாரித்தாள்.