பத்தொன்பதாம் நாள்

பார்சலைப் பிரித்தபோது பளிங்கு இரண்டு துண்டாக இருந்தது. பஞ்சில் பொதிந்து அழகாகத்தான் அனுப்பியிருந்தார்கள். உடைத்துவிட்டு இத்தனை மரியாதை எதற்கென்று எரிச்சல்தான் வந்தது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான மாஸ்டர். பெயர் மத்தியாஸ். எனக்குப் படிப்பித்த பேராசிரியர் இப்போது கனடாவில், லேசர் ஆய்வுகூடம் ஒன்றில் இருக்கிறார். லேசர் ஒளியைச் செலுத்த, கற்கண்டுபோலக் கரைசலில் வளர்த்த மாசில்லாத பளிங்கு வேண்டுமாம், அதை வளர்க்கத் தெரிந்த ஆளும் வேண்டுமாம். ஒன்று வளர்த்து அனுப்பு, ஒளியைத் தாங்கினால் உனக்கு இங்கே வேலை என்று எழுதியிருந்தார். முப்பத்தாறு வயதுவரை இந்த மலையை விட்டுப் போக எனக்கு வந்த ஒரே வழி அது.

எண்பத்திரண்டு மார்ச்சில் தொடங்கினேன். ஹட்டன் பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி, அதற்கான ரசாயன உப்பைக் கரைத்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, உள்ளே சின்னப் பளிங்குத் துண்டொன்றை வித்தாகத் தொங்கவிட்டேன். ஜாடி வெந்நீர் அண்டாவுக்குள் நின்றது. சூடு மெல்ல மெல்ல இறங்க, வித்து நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். அண்டாவைச் சூடாக்க வயர் இழுத்துத் தந்தவர் தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் பொன்னையா. ஜாடிக்குள் ஒரு தூசி விழுந்தாலும் கதை முடிந்தது. அந்த அறையைக் கூட்டக்கூட அம்மாவை நான் விடவில்லை. வளர்ந்து முடிந்ததும் கனடாவுக்கு அனுப்பினேன்.

உடைந்த துண்டுகளோடு கடிதமும் இருந்தது. வித்திலிருந்து பத்தொன்பதாவது மில்லிமீட்டரில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அழுக்குப் படலம். சுத்தமான இடத்தில் ஒளி சும்மா போய்விடும். அழுக்கு இருக்கிற இடத்தில் அது மாட்டிக்கொண்டு சூடேறி, பளிங்கு உள்ளிருந்தே வெடித்துவிடும். பத்தொன்பதாம் நாள் ஏதும் உள்ளே விழுந்ததா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். டிசம்பர் வரை அந்த வேலைக்கு இடம் இருக்கிறது, இன்னொன்று அனுப்பு என்றும் எழுதியிருந்தார்.

தினமும் அளவு எழுதிவந்த கொப்பியைப் புரட்டினேன். பத்தொன்பதாம் நாள், ஏப்ரல் பதினொன்று. ஈஸ்டர் ஞாயிறு.

ஒவ்வோர் ஈஸ்டருக்கும் கோயிலில் மந்திரித்த புதுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து அம்மா வீடெல்லாம் தெளிப்பாள். கட்டில், அடுப்பு, கோழிக்கூடு, ஒன்றும் தப்பாது. அரிசி டின்னைக்கூடத் திறந்து உள்ளே தெளிப்பாள். மூடி மேலே தெளித்தால் அரிசிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பது அவள் கேள்வி. அன்று நான் பொன்னையா வீட்டுக்குக் கேக் கொடுத்துவிட்டு வந்தபோது வாசலிலேயே சொன்னாள்.

"தம்பி, ஒங் கல்லுக்கும் தெளிச்சாச்சு."

நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். பெரிய விஞ்ஞானி! அரிசி டின்னைத் திறக்கிறவள் ஜாடியை மட்டும் மூடி வைத்தா தெளித்திருப்பாள்? உப்புப் போட்டு மந்திரித்த கிணற்றுத் தண்ணீர். ஒரு சொட்டு போதும்.

கோபம் உச்சிக்கு ஏறியது. இன்றைக்கு விடக்கூடாது என்று குசினிக்குள் போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அம்மா சளிக்காய்ச்சலில் போய் இரண்டு மாதமாகிறது என்பது அங்கே நின்றபிறகுதான் உறைத்தது. ஏம்மா இப்படிப் பண்ணுன என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். நான் போகவேண்டுமென்று வேண்டித் தெளித்தாளா, போகக்கூடாதென்றா? உயிரோடிருந்தபோது அதை நான் கேட்கவே இல்லை. அடக்கத்தன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது.

அக்டோபரில் புது வித்துப் போட்டேன். பொன்னையா மறுபடி வயர் இழுத்துத் தந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

"இந்தவாட்டி சுத்தமா வளந்துரும் மாஸ்டர்," என்றார். "வீட்டுல இப்ப தொறந்து பாக்க ஆளில்லைங்களே."

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்திருக்கும். ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் சொன்னது பலித்தது. பளிங்கு மாசில்லாமல் வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதோடுதான் இருப்பேன். அது பேசாது, நானும் பேசமாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அளந்துவிட்டு மூடினேன். மாதா படத்துக்குப் பின்னால் அம்மாவின் போத்தல் இருந்தது, அடியில் இரண்டு விரல் தண்ணீரோடு. எடுத்து வாசலில் தெளித்தேன். அவள் கட்டிலில் தெளித்தேன். அடுப்பில், வெறும் கோழிக்கூட்டில், அரிசி டின்னைத் திறந்து அதற்குள்ளேயும். பிறகு ஜாடிக்கு முன்னால் வந்து நின்றேன்.

மூடியைத் திறக்கவில்லை. மேலேயே தெளித்தேன்.

ஒரு சொட்டு கண்ணாடி மூடியில் ஓடி விளிம்பருகே நின்றது. அதற்கு நேர் கீழே பளிங்கு தொங்கிக்கொண்டிருந்தது. துணியை எடுத்தேன், ஆனால் துடைக்கக் கை வரவில்லை. அது தானாகக் காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.