உஸ்தீனியா ஆற்றைக் கடந்த நாள்

நசாரைக் கட்டிக்கொள்ள பண்ணையடிமைச் சலவைக்காரி உஸ்தீனியா இரண்டு முறை எசமானியிடம் அனுமதி கேட்டிருந்தாள். முதல் முறை, "என் லேஸையெல்லாம் உன்னை மாதிரி யாருடி தேய்ப்பா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டாள் வார்வாரா சீமாட்டி. இரண்டாம் முறை சிரிக்கவில்லை. அரை வருடம் தூரத்துப் பண்ணையில் பன்றி மேய்க்க அனுப்பிவைத்தாள். நசார் ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு பிரபுவின் பண்ணையடிமை, வண்டிச் சக்கரம் செய்கிறவன். இப்படியே ஏழு வருடம் ஓடி, உஸ்தீனியாவுக்கு முப்பது வயதாகிவிட்டது.

அந்த மார்ச் மாத ஞாயிறு, பூசை முடிந்தும் யாரும் கலையக்கூடாது என்றார் பாதிரியார் லியோனீத். ஜார் மன்னரின் அறிக்கை வந்திருந்தது. அதை வாசித்தார். நீள நீளமான வாக்கியங்கள், பாதி யாருக்கும் புரியவில்லை. பண்ணையடிமைகளுக்கு விடுதலை என்று வந்தபோது எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்து, இரண்டு வருடம் பழையபடியே வேலை செய்ய வேண்டும் என்று வந்ததும் கூட்டம் சலசலத்தது.

"என்னய்யா இது, ஒரு கையால கொடுத்து மறு கையால புடுங்குறாங்க?" என்றார் தச்சர் புரோகோர். "நிலம் யாருக்குன்னு சொல்லுங்க சாமி!"

உஸ்தீனியா எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். அறிக்கையோடு வந்த சட்டப் புத்தகம் பாதிரியார் கையில் இருந்தது.

"சாமி, அந்தத் தடிப் புத்தகத்துல கல்யாணத்தப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

"ஊரே நிலத்தக் கேக்குது, உனக்குக் கல்யாணமா?"

"அவங்க நிலத்தக் கேக்கட்டும். எனக்கு இதப் பாத்துச் சொல்லுங்க."

அவர் விரலை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்று மனதுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். பண்ணையாரின் அனுமதி இல்லாமலே திருமணம் செய்துகொள்ளலாம்.

"எப்பலேர்ந்து சாமி? ரெண்டு வருஷம் கழிச்சா?"

"இல்லம்மா, இப்பவே." சட்டென்று அவருக்கு நினைவு வந்தது. "ஏய், நில்லு! இது தவக்காலம், ஈஸ்டர் வாரம் முடியாம கல்யாணம் நடத்த மாட்டேன்!"

அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஆற்றின் பனிக்கட்டி கறுக்கத் தொடங்கி இரண்டு நாளாக வண்டிகள் போகவில்லை. ஆனால் அதில் துளை போட்டு, குளிர்காலம் முழுக்கத் துணி அலசியவள் அவள். எங்கே கெட்டி, எங்கே மெலிசு என்று அவள் கால்களுக்கே தெரியும். கணுக்காலளவு தண்ணீரில் ஓடினாள். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தது போலப் பனி பிளந்தது. அவள் சிரித்தபடி இன்னும் வேகமாக ஓடினாள். கரையை எட்டும்போது ஒரு கால் உள்ளே போய்விட்டது. கரையோரப் புதரைப் பிடித்துக் காலை உருவி ஏறினாள். அந்தக் காலின் பூட்ஸை ஆறே வைத்துக்கொண்டது.

பட்டறை வாசலில் நின்ற நசார் அலறினான். "அடிப்பாவி! இந்தப் பனி மேலயா வந்த? பூட்ஸ் எங்கடி?"

"ஆத்துல. நசார், நம்ம கல்யாணம் பண்ணிக்கலாம்."

"உன் எசமானி அனுமதி குடுத்துட்டாளா?"

"இல்ல."

"அப்ப என் எசமானா?"

"அவரும் இல்ல. யாரும் குடுக்க வேண்டியதில்லடா! ஜார் மன்னர் சட்டமே போட்டுட்டாரு!"

அந்த ஊரில் அறிக்கையை இன்னும் வாசிக்கவில்லை. அவன் அவளை மூன்று முறை சொல்லவைத்துக் கேட்டான். பிறகு மண்டியிட்டு, அவளுடைய ஈரக்காலைத் தன் ஆட்டுத்தோல் தொப்பிக்குள் திணித்துப் பிடித்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரவோடு இரவாகத் தூரத்துப் பாலம் வழியாகச் சுற்றித் திரும்பியவள், மறுநாள் காலை சீமாட்டியின் முன் போய் நின்றாள்.

"மறுபடியும் அனுமதி கேட்டு வந்துட்டியா?"

"கேக்க வரலம்மா. சொல்ல வந்தேன்."

"ரெண்டு வருஷம் எனக்கு வேலை செஞ்சாகணும், ஞாபகம் வச்சுக்கோ."

"செய்யறேம்மா. ஈஸ்டர் வாரம் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் முடியாது."

சீமாட்டியின் காபிக் கரண்டி தட்டில் விழுந்தது. உஸ்தீனியா வெளியே வந்ததும் வாசல் நடையிலேயே ஒரு குதி குதித்தாள்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சொந்த விருப்பத்தோடுதான் இவனை மணக்கிறாயா என்று பாதிரியார் கேட்டார். எல்லா மணப்பெண்களிடமும் கேட்கிற கேள்விதான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுப்பார்கள்.

"ஆமா சாமி!" என்று உஸ்தீனியா போட்ட சத்தத்தில் நசார் திடுக்கிட்டு நகர்ந்தான்.

கடைசி வரிசையிலிருந்து புரோகோர் கையை உயர்த்தினார். "கேட்டுச்சு தாயி, எங்களுக்கும் கேட்டுச்சு!"