கல்லறைக் கல் எப்போது உருள வேண்டும்?

கல் ஒழுங்காகத்தான் உருண்டது. உருண்ட நேரம்தான் தவறு.

இயேசு உயிர்த்தெழுந்த நாடகத்துக்காகத் தச்சர் செய்த கல் அது. ஒட்டுப்பலகையை ஆளுயர வட்டமாக அறுத்து, சாக்கு ஒட்டி, சாம்பல் வண்ணம் பூசி, சரிவான தடத்தில் நிறுத்தியிருந்தார். அடியில் ஒரு மர ஆப்பு. திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் ஆப்பு விலகும். கல் தன் பாரத்திலேயே உருண்டு கல்லறை வாசலைத் திறக்கும். வெள்ளை அங்கி போட்ட தூதர் சும்மா கையை நீட்டினால் போதும்.

ஒத்திகையில், மூடிக் கிடந்த கல்லுக்கு முன்னால் மூன்று பெண்கள் வந்து நின்று, "ஐயோ, கல்லை யாரோ புரட்டிட்டாங்களே!" என்று அலறினார்கள்.

"கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்கம்மா!" என்றது பின்வரிசை. மண்டபமே சிரித்தது. நாடகத்தை நடத்தும் தச்சரின் தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏண்ணே, வேணும்னே பண்ணியா?"

தச்சருக்குச் சுருக்கென்றது. அப்பாவை அடக்கம் செய்த அன்று, "செத்தவங்க எங்கம்மா திரும்பி வந்தாங்க? எல்லாம் கதை" என்று அவர் சொன்னதோடு இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும். இந்தக் கல்லைக் கேட்டுத்தான் அவள் மறுபடி வாசலேறினாள். இதுவும் கெட்டால் இனி வரமாட்டாள்.

"நீ மத்தேயு சுவிசேஷத்தைத்தானே படிக்கச் சொன்னே? அதுல பொம்பளைங்க வந்தப்புறம் தூதர் இறங்கிப் புரட்டுறார். அப்படியே செஞ்சேன்."

"வசனத்தை நான் மாற்குல இருந்து எடுத்தேன்," என்றாள் மெதுவாக. அதில் அவர்கள் வரும்போதே கல் புரண்டு கிடந்தது.

இருவரும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாற்கில் உள்ளே ஓர் இளைஞன்; லூக்காவில் இரண்டு பேர். மாற்கில் விடிந்துவிட்டது, யோவானில் இன்னும் இருட்டு, வந்தவளும் ஒருத்திதான்.

"அங்கி ஒண்ணு தைக்கணுமா, ரெண்டா?" என்றார் தச்சர்.

"கிண்டலா?"

"இல்லம்மா, சந்தேகம். திருட்டுப் போச்சுன்னு நாலு பேர் நாலு விதமாச் சொன்னா, நான் திருட்டையே சந்தேகப்படுவேன்."

"ஒரே மாதிரி ஒப்பிச்சா, நான் அந்த நாலு பேரையும் சந்தேகப்படுவேன்."

"சில்லறை வித்தியாசம்னா விட்டுடலாம். கண்ணு முன்னாடி கல்லு உருண்டுச்சா இல்லையாங்கறது சில்லறையா?"

"தெரியலைண்ணே. ஆனா அப்பாவை மறுபடி பார்ப்பேன்னு நம்புறேன்."

"நம்பும்மா. எனக்கு அது வரலை. அதுக்காக உன் கல்லைக் கோணலா செய்வேனா?"

தங்கை தள்ளி உட்காரவில்லை. தச்சர் மறுபடி குனிந்து படித்தார்.

"இதைப் பாரேன். அவர் எழுந்திருக்கிற நிமிஷத்தை நாலு பேருமே காட்டலை. எல்லாரும் காலிக் கல்லறையைத்தான் காட்டுறாங்க."

"அப்போ நாம மட்டும் எதுக்குக் காட்டணும்?" என்றாள் அவள்.

அவர்கள் செய்தது இதுதான். திரை விலகும் முன்பே ஆப்பை உருவிக் கல்லைத் திறந்து வைத்தார்கள். தடத்தின் முனையில் ஒரு கட்டையை அடித்து அதை நிறுத்தினார்கள். நான்கு சுவிசேஷங்களின் பெண்களும் தனித்தனியே வந்து, அவரவர் கண்டதைச் சொன்னார்கள். மத்தேயுவின் பெண்கள் மட்டும், "எங்கள் கண்ணெதிரே உருண்டது" என்றார்கள். கயிற்றுக்கு வேலை இல்லாததால் தச்சர் முன்வரிசையில், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்.