நாலாவது மெஷின்

என் வீட்டுக்காரர் நோட்டு அச்சடிக்கும் அரசாங்க அச்சகத்தில் நாலாவது மெஷினை ஓட்டுகிறார். "உனக்கென்னம்மா, காசு மரத்துக்கே கழுத்தை நீட்டியிருக்கே" என்று தெருவில் கிண்டல். மரமாவது மண்ணாங்கட்டியாவது.

கஜானா காலி. அதனால் அடி, இன்னும் அடி என்று மேலிடத்து உத்தரவு. கடைகளில் இருக்கிற சரக்கு அதேதான், நோட்டு மட்டும் குட்டி போடுகிறது. விலை ஏறாமல் வேறென்ன செய்யும்? சம்பளத்தைத் தினமும் மத்தியானமே கொடுத்துவிடுகிறார்கள். ஆண்கள் அதை மதில்மேலாகக் கட்டுக் கட்டாக வீசுவார்கள். வெளியே காத்திருக்கும் நாங்கள் பையில் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடுவோம்.

எங்கள் சின்னவளுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் இல்லாவிட்டால் அவள் இல்லை. குப்பியில் இருந்த கடைசி மருந்தும் நேற்றோடு தீர்ந்தது.

அச்சகத்துக்கு எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரருக்குப் பாம்புச் செவி. அச்சகத்தில் மூன்று மெஷின் ஓடினால் ஒரு விலை. சாப்பாட்டுக்குப் பிறகு நாலாவது சேர்ந்தால் வேறு விலை. நோட்டு வெளியே வரவே வேண்டாம், சத்தம் போதும். நேற்று நான் தெருவைக் கடப்பதற்குள் விலை மாறிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினேன்.

"இன்னைக்கு நான் வாங்கி முடிக்கிற வரைக்கும் உங்க மெஷினை ஓட்டாதீங்க" என்றேன்.

"வேலை போயிடும்டி" என்றார். பிறகு சின்னவள் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்தார். "சரி, கொஞ்ச நேரம்தான்."

சொன்னபடியே செய்தார். கட்டு வந்து விழுந்தது. உள்ளே மூன்று மெஷின் சத்தம்தான். ஓடினேன். கடைக்காரர் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"நாலாவது ஏன் இன்னும் ஓடலை?"

"பழுதாம்."

"நல்லா பழுது! போன தடவை நின்னப்ப அச்சுத் தகடு மாத்தி, நோட்டுல ஒரு சைபரைக் கூட்டிட்டாங்க. இன்னைக்கு இதை வித்துட்டு நாளைக்கு நான் எதை வெச்சு சரக்கு எடுக்கறது?" ஷட்டரை இழுத்தார்.

"அண்ணே, தகடு இல்லண்ணே! என் வீட்டுக்காரர்தான் நிறுத்தி வெச்சிருக்கார், எம்பொண்ணுக்காக!"

"ஆளுக்கொரு கதை சொல்றீங்கம்மா" என்றார் அலுப்போடு. ஷட்டர் தரையைத் தொட்டது.

தட்டினேன், கத்தினேன். கை நிறையக் காசு இருந்தது, பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்தில்லை.

எனக்குப் பின்னால் நாலாவது மெஷின் ஓடத் தொடங்கியது. நான் மருந்து வாங்கிவிட்டேன் என்று நம்பி ஓட்டுகிறார் மனிதர்.