முதுகில் ஜிப் வைத்த சட்டை

கோட்டின் முதுகை நடுவில் வெட்டினால்தான் கையை நுழைக்க முடியும் என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தார் காடென்சியோ. அந்த ஊரில் இறந்தவர்களுக்கு உடுத்திவிடுகிறவர் அவர். ஒர்னெல்லா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கோட்டு வேண்டாம்."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அவள் அப்பா எர்மான்னோவின் உயிர் விடியற்காலையில் பிரிந்திருந்தது. முகத்தில் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருப்பதாக அவளுக்குப் பட்டது.

ஜன்னலோரம் தார்சிசியோ காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அப்பா சைக்கிள் பந்தயங்களில் ஓட்டிய காலத்தில் அணியின் மேனேஜர். நாளை சர்ச்சில் பேசப்போகிறவரும் அவர்தான். என்ன பேசுவார் என்பது ஊருக்கே மனப்பாடம். ஆல்ப்ஸ் சுற்றுப் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தவன் விழுந்து காலை உடைத்துக்கொண்டு ராத்திரியே விலகினான். இரண்டாவதாக இருந்த எர்மான்னோ முதலிடத்துக்கு வந்தார். காலையில் மேடையில், முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை நீட்டியபோது, விழுந்தவன் சட்டையை மறுநாளே போடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அன்று சாயங்காலமே முதலிடம் கைவிட்டுப் போயிற்று. பந்தயப் பட்டியலில் ஒரு நாள் முதலிடம் என்று பெயர் நின்றது. சட்டை பிற்பாடு பார்சலில் வீட்டுக்கு வந்தது.

சட்டையைப் பார்த்ததும் தார்சிசியோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதப் போடாதம்மா. அவன் வேணாம்னு சொன்னதுக்குத்தான் ஊரே அவனக் கும்பிடுது."

"அவரு வேணாம்னு சொல்லல. நீங்க சொன்னீங்க."

அது வழக்கம் என்றார் தார்சிசியோ. பெரிய பெரிய ஆட்களே அப்படிச் செய்திருக்கிறார்கள், போட்டிருந்தால் மற்ற அணிக்காரர்கள் காறித் துப்பியிருப்பார்கள் என்றார். வழக்கத்தில் ஒர்னெல்லாவுக்குக் குறையில்லை. தானாக விட்டுக்கொடுத்தால் அது பெருமைதான். பிடுங்கிக்கொண்டு பெருமை என்று பெயர் வைத்தால் அயோக்கியத்தனம். அந்தப் பெருமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆயுசு முழுக்கச் சுமந்தவர் அப்பா. டிவியில் பந்தயம் பார்க்கும்போது, ஜெயித்தவன் மேடையில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுவான். சட்டையை முன்பக்கமாக மாட்டி முதுகில் ஜிப்பை இழுத்துவிடுவார்கள். சோபாவில் அப்பாவின் கைகளும் லேசாக எழும். யாராவது பார்த்துவிட்டால் தலையைச் சொறிந்துகொள்வார்.

"ஆஸ்பத்திரியில சொன்னாரு. கைய நீட்டிட்டேன்மா, தார்சிசியோ பின்னாலேருந்து இழுத்துட்டான்னு."

தார்சிசியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்குப் போட்டுக்கிட்டுப் போகட்டும். எவன் துப்புறான்னு நானும் பாக்கறேன்."

இதற்குள் காடென்சியோ சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்தார். முதுகு முழுக்கத் திறப்பு. வெட்டவே வேண்டாம் என்றார். தொழிலில் இப்படியொரு வசதியான துணியை அவர் பார்த்ததில்லை.

இரண்டு பேருமாகக் கைகளை முன்னால் இழுத்துச் சட்டைக்குள் நுழைத்தார்கள். ஒரு காலத்தில் பந்தய வெயிலில் மணிக்கட்டுவரை கறுத்திருந்த கைகள் இப்போது வெளுத்துக் கிடந்தன. உடம்பு இளைத்ததில் சட்டை தொளதொளவென்றிருந்தது. முதுகை யார் பார்க்கப்போகிறார்கள், ஜிப் வேண்டாம் என்றார் காடென்சியோ.

"போடணும்," என்றாள் ஒர்னெல்லா. "மேனேஜர், நீங்க வந்து அந்தத் தோளத் தூக்குங்க."

தார்சிசியோ அசையவில்லை. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களின் பேச்சுக் குரல் கேட்டது. ஒர்னெல்லா சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள். வேறு யாரையும் கூப்பிடுவதாக இல்லை.

அவர் எழுந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, இரண்டு கைகளையும் எர்மான்னோவின் தோளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்.

ஒர்னெல்லா குனிந்து இடுப்பிலிருந்து ஜிப்பை இழுத்தாள். பாதியில் துணி சிக்கியது. கீழே இறக்கி மறுபடி இழுத்தாள். தார்சிசியோ தோளை விடவில்லை. ஜிப் கழுத்துவரை ஏறியது.